ஒரு ஸொம்பி நாவலும் ஐந்து ஆசிரியர்களும்

 

நீண்ட பதிவு. கதையின் முடிவையும் சொல்லித்தான் எழுதப்போகிறோம். "த கேர்ள் வித் ஓல் த கிப்ட்ஸ்" நாவலை இனிமேல்தான் வாசிக்கப்போகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், கோபிக்க மாட்டோம்.

நாங்கள் என்றால் ஐந்து பேர். கல்வியியற் கல்லூரிக்கு ஒரே வருடம் உள்ளே போய், ஒரே வருடம் நியமனம் எடுத்து வெளியே வந்தவர்கள். மூன்று பேர் மன்னார்த் தீவுக்குள், ஒருவர் வவுனியாப் பக்கம், ஒருவர் இன்னும் புத்தளத்தில். கல்லூரியில் ஆளுக்கொரு பாடம். ஆனால் இரவில் விடுதியில் புத்தகத்தைப் பற்றி வாய்ச்சண்டை பிடிக்கிற பழக்கம் எல்லோருக்கும் பொது. அந்தப் பழக்கம் இப்போது வட்ஸ்அப்பில் ஓடுகிறது. விடுமுறையில் எல்லோரும் கூடினால் கீரியில் எங்கள் வீட்டில், கடல் காற்று வாசலால் வந்து குசினியால் போகிற இடத்தில்.

இந்தப் புத்தகம் மருதானைப் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அட்டையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறுமி. வாங்கியவர் எங்கள் ஆங்கில ஆசிரியை. அவர் அதைச் சிறுவர் கதை என்று நினைத்துத்தான் வாங்கினார் என்று மற்ற நால்வரும் சொல்கிறோம். அவர் மறுக்கிறார். எங்களில் எல்லோரும் நானூறு பக்க ஆங்கில நாவலைத் தம் கட்டி வாசிக்கக் கூடியவர்கள் இல்லை. அதனால் அவர் ஒவ்வொரு இரவும் இஷாவுக்குப் பிறகு ஓர் அத்தியாயத்தைத் தமிழில் குரல் பதிவாகச் சொல்லிவந்தார். இரண்டு பேர் வாசித்தோம், மூன்று பேர் கேட்டோம். கேட்டவர்களோடு சேர்த்து எங்கள் உம்மாவும் கேட்டார், மீன் ஆய்ந்துகொண்டே. கடைசியில் பார்த்தால் உம்மாவின் அபிப்பிராயங்கள்தான் வாசித்தவர்களைத் தூங்கவிடாமல் செய்தன.

எழுதியவர் எம். ஆர். கேரி. இங்கிலாந்துக்காரர், லிவர்பூலில் பிறந்தவர், நெடுநாள் கொமிக்ஸ் எழுதியவர். 2012இல் ஒரு சிறுகதையாக வந்து 2014இல் நாவலானது. 2016இல் படமாகவும் வந்தது. திரைக்கதையும் அவரே.

கதை இதுதான். ஒரு பங்கசுத் தொற்றால் மனிதர்கள் புத்தி கெட்டு, இறைச்சிப் பசி மட்டும் மிஞ்சிய உடல்களாகி இருபது வருடம் போலாகிறது. லண்டனுக்கு வடக்கே ஓர் இராணுவ முகாம். அதற்குள்ளே ஒரு வகுப்பறை. பிள்ளைகளைக் கை, கால், கழுத்து மூன்றையும் வாரால் கட்டிச் சக்கர நாற்காலியில் வைத்து, துப்பாக்கிக்காரர்கள் தள்ளிக்கொண்டு வந்து வகுப்பில் நிறுத்துகிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை பாடம். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிண்ணம் புழு சாப்பாடு, மருந்துத் தண்ணீரில் குளிப்பு. பிள்ளைகளுக்கும் தொற்று இருக்கிறது, ஆனால் மூளை வேலை செய்கிறது. அதிலும் மெலனி என்ற பத்து வயதுப் பிள்ளை எல்லோரையும் விடக் கெட்டிக்காரி. மிஸ் ஜஸ்டினோ என்ற ஆசிரியையின் பாட நாளுக்காக உயிரை வைத்துக்கொண்டு காத்திருக்கிறவள். அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராக எடுத்து மூளையை அறுத்துப் பார்க்கிறவர் டொக்டர் கோல்ட்வெல். முகாம் உடைகிறது. மிஸ், டொக்டர், பார்க்ஸ் என்ற சார்ஜன்ட், ஓர் இளம் சிப்பாய், மெலனி, ஐந்து பேரும் தெற்கே நடக்கிறார்கள்.

முதல் சண்டை "இது கொப்பி" என்பதில் தொடங்கியது. எங்கள் பத்தாம் வகுப்புப் பையன்கள் கதையைக் கேட்டவுடனே "சேர், இது லாஸ்ட் ஒஃப் அஸ் கேம்" என்றார்கள். அதிலும் பங்கசுதான், அதிலும் ஒரு சிறுமிதான். அந்த விளையாட்டு 2013இல் வந்தது, கேரியின் சிறுகதை அதற்கு முதல் வருடம். ஆகவே கொப்பிக் குற்றச்சாட்டு நிற்காது. இரண்டுக்கும் மூலம் இயற்கையிலேயே கிடக்கிறது. ஸொம்பி என்றால் பையன்களுக்கு ஊட்டியில் ஜெயம் ரவி சுடுகிற "மிருதன்", அதற்குப் பிறகு கொரியாக்காரர்கள். "ஓல் ஒஃப் அஸ் ஆர் டெட்" தொடரில் வைரசைச் செய்தவரே ஒரு விஞ்ஞான ஆசிரியர் என்பதால் எங்கள் விஞ்ஞான ஆசிரியரைப் பையன்கள் கொஞ்ச நாள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

அந்த விஞ்ஞான ஆசிரியர் பங்கசைப் பற்றிச் சொன்னதைக் கட்டாயம் எழுத வேண்டும். ஒஃபியோகோடிசெப்ஸ் என்ற ஒரு பேரினம் உண்மையிலேயே இருக்கிறது. காட்டு எறும்பின் உடம்புக்குள் போய், அதைக் கூட்டத்தை விட்டுப் பிரித்து, செடியில் ஏற வைத்து, இலை நரம்பைக் கடித்தபடி சாக வைக்கும். பிறகு எறும்பின் தலைக்குப் பின்னால் ஒரு தண்டு முளைத்து வித்திகளைக் கொட்டும். இதுவரைக்கும் இணையத்தில் எல்லோரும் பார்த்ததுதான். எங்களுக்குத் தெரியாமல் இருந்தது, 1931இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தவர் தொம் பெட்ச் என்பது. பேராதனைத் தாவரவியற் பூங்காவில் பல வருடம் வேலை செய்த ஆங்கிலேயப் பங்கசு நிபுணர் அவர். பிறகு தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் பணிப்பாளரும் அவர்தான். உலகத்தையே பயமுறுத்துகிற ஸொம்பிப் பங்கசின் பெயருக்குப் பின்னால் பேராதனைக்காரர் ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்ததில் எங்களுக்குக் காரணமில்லாத ஒரு பெருமை. மனிதனுக்கு வராது, பயப்படத் தேவையில்லை. எங்கள் உடல் வெப்பநிலையில் பெரும்பாலான பங்கசுகளுக்கு வாழ முடியாது.

அவர் டொக்டர் கோல்ட்வெல்லின் கட்சி. "ஒரு பிள்ளையை அறுத்தால் கோடிப் பேர் தப்பலாம் என்றால் அறுக்கத்தான் வேண்டும். ஆசிரியை அழுவார், டொக்டருக்கு அழ நேரமில்லை" என்றார். ஆரம்பப் பிரிவு டீச்சர் அன்றிரவு அவருடைய செய்திகளுக்குப் பதில் போடவில்லை. மறுநாள் காலையில் ஒரே வரி வந்தது: "அறுக்கிற பிள்ளைக்கு முதலில் எழுத்துப் படிப்பித்துப் பாருங்கோ."

ஆரம்பப் பிரிவு டீச்சர் இப்படி உறைக்க ஒரு காரணம் உண்டு. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பள்ளிக்கூடங்கள் திரும்பத் திறந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். படலையில் பைச் சோதனை. அவர் அப்போது அபாயா போட்டுக்கொண்டு ஒரு கலவன் பாடசாலைக்குப் போய்வந்தவர், எங்கே என்று எழுதவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, முதல் தவணை முழுக்க அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிள்ளை, கதவடியில் நின்று "மிஸ், உங்கட பேக்குக்குள்ளயும் பொம் இருக்கா?" என்று கேட்டது. அவர் பையை மேசையில் கவிழ்த்துக் கொட்டினார். சோக்குக் கட்டி, சாப்பாட்டுப் பெட்டி, சிவப்புப் பேனை, பனடோல் கார்ட், முசல்லா. பிள்ளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனையைத் தரச்சொல்லிக் கேட்டது. கொடுத்தார்.

நாவலில் மெலனிக்கு வாய்க்கூடு போட்டு, கைவிலங்கு மாட்டித்தான் கூட்டிப்போவார்கள். அதற்கு நியாயமும் இருக்கிறது. அவள் உண்மையிலேயே கடிப்பாள், அது அவளுக்கே தெரியும், தானே கேட்டுக் கட்டிக்கொள்கிற இடமும் வருகிறது. ஆரம்பப் பிரிவு டீச்சரின் அபிப்பிராயம், இந்த நாவலில் எழுத்தாளர் தப்பித்துக்கொள்ளாமல் நின்ற இடம் இதுதான் என்பது. பயப்படுகிறவர்களின் பயத்துக்குக் காரணம் வைத்து எழுதுகிறார், பிள்ளைக்கு வலிப்பதையும் எழுதுகிறார், இரண்டையும் ஒன்றாலொன்று அழிக்கவில்லை. வகுப்பில் ஒருநாள் மிஸ் ஜஸ்டினோ மெலனியின் தலையைத் தடவுகிற இடம் இருக்கிறது. முகாமின் விதிப்படி அது பெருங்குற்றம். அந்தக் குரல் பதிவு மட்டும் எங்கள் குழுவில் நாலைந்து தரம் திரும்பக் கேட்கப்பட்டது.

ஆனால் ஜஸ்டினோவைப் பற்றி எங்கள் ஐந்து பேருக்கும் ஒருமித்த ஒரு குறை உண்டு. பாதிக்குப் பிறகு அவர் சார்ஜன்டிடம் பழைய கதையொன்றைச் சொல்கிறார். உலகம் அழிவதற்கு முன்னால், குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒரு பையனை மோதிக் கொன்றுவிட்டுப் போய்விட்டாராம். அந்தப் பாவத்தின் பாரம்தான் இந்தப் பிள்ளைகள் மேல் அன்பாக வந்தது என்று எடுத்துக்கொள்ள எழுத்தாளர் வழி விடுகிறார். ஏன்? ஓர் ஆசிரியைக்குத் தன் மாணவியைப் பிடிப்பதற்கு ஒரு கொலை பின்னால் கிடக்க வேண்டுமா? காலையில் வகுப்புக்குள் போகிறோம், முப்பது முகம் நிமிர்ந்து பார்க்கிறது, ஒன்று பல்லில்லாமல் சிரிக்கிறது. அதற்கு மேல் காரணம் தேவைப்படாது. பள்ளிக்கூடத்தில் வேலை செய்தவர் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை வெட்டியிருப்பார் என்று நாங்கள் சொல்ல, ஆங்கில ஆசிரியை "எழுத்தாளரும் ஒரு காலத்தில் படிப்பித்தவர்தான்" என்றார். அப்படியென்றால் மன்னிக்கவே முடியாது!

இஸ்லாம் பாட ஆசிரியர்தான் புத்தளத்தில் இருப்பவர். தொடக்கத்தில் இதெல்லாம் என்ன வாசிப்பு என்று விலகி இருந்தார். பிறகு ஒரு கேள்வியோடு உள்ளே வந்தார்: இந்த நாவலில் வருகிறவர்கள் மையித்தா, ஹயாத்தா? நாங்கள் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. உடல் நடமாடுகிறது, மூச்சும் இரத்தமும் இருக்கிறது, புத்தி இல்லை. புத்தி இல்லாதவருக்குத் தொழுகை கடமையில்லை, ஆனால் அவர் உயிரோடுதான் இருக்கிறார், அவரைக் கொல்வது கொலைதான் என்று வாதித்தார். நாவலில் ஓர் இடத்தில் இப்படிப்பட்ட ஓர் ஆள் கைவிட்ட முதியோர் இல்லத்தில் தனியே இருந்துகொண்டு பாட்டுத் துண்டொன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். கையில் பழைய படங்கள். சார்ஜன்ட் அவரைச் சுட்டுவிடுவார். எங்களில் யாரும் அந்தச் சூட்டை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை, ஸொம்பிக் கதையில் சுடாமல் என்ன செய்வது. அவர் மட்டும் நின்றார்.

எரிக்கிற இடங்களை அவர் கேட்கவே இல்லை, அந்தப் பதிவுகளைத் தாண்டிப் போய்விட்டார். காரணம் கேட்கத் தேவையிருக்கவில்லை. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வந்தது, கொவிட்டில் மரணித்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அந்த உத்தரவு 2021 பெப்ரவரி கடைசி வரை நின்றது. இருபது நாள் குழந்தை ஒன்றின் உடலும் எரிக்கப்பட்டது. பொரளைக் கனத்தையின் வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கொண்டுபோய்க் கட்டினார்கள். பிறகு இரணைதீவில் அடக்கலாம் என்றார்கள். யுத்தத்தால் ஊரைவிட்டுப் போய் இரண்டரை தசாப்தம் கழித்துப் போராடித் திரும்பிய மீனவச் சனங்களின் தீவு அது. அவர்கள் எதிர்த்தார்கள், அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. கடைசியில் ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. ஸொம்பிக் கதைகளில் ஓர் உடல் "தொற்று" ஆனவுடன் அது யாருடைய வாப்பா என்ற கேள்வி முடிந்துபோகிறது. எங்களுக்கு அது கற்பனைக் கதையின் விதியாக மட்டும் படவில்லை. இஸ்லாம் பாட ஆசிரியர் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க கேளுங்க. எனக்கு வேணாம்."

இனி உம்மா.

உம்மாவின் ஊர் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபர் கடைசி வாரத்தில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, தீவிலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கிய சனங்களில் உம்மாவும் ஒருவர், எங்களைக் கையில் வைத்துக்கொண்டு. எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த மாதத்தில் வடக்கை விட்டு வெளியேறினார்கள். எங்கள் பிள்ளைப்பருவம் புத்தளத்து ஓலைக் குடிசையில். யுத்தம் முடிந்த பிறகுதான் இந்தப் பக்கம் வந்தோம்.

நாவலில் ஐந்து பேரும் வெறிச்சோடிய ஊர்களைக் கடந்து போகிறார்கள். ஸ்டீவனேஜ் என்ற நகரம் வருகிறது. இருபது வருடம் ஆளில்லாத வீடுகள், உள்ளே சாமான்கள், அலுமாரிகள், படுக்கைகள். ஆங்கில ஆசிரியை நன்றாகத்தான் வர்ணித்துச் சொன்னார். உம்மா அரிவாள்மனையில் இருந்து நிமிர்ந்து கேட்டார்.

"கதவு இருந்திச்சாமா?"

"இருந்திச்சு உம்மா, கதவு பூட்டிக் கிடந்ததாம்."

"யன்னல்?"

"அதுவும் இருந்திச்சு."

"அப்ப அந்த ஆளுக்கு விட்டுட்டுப் போன வீடு தெரியா."

நாங்கள் எதிர்த்துப் பேசினோம். அந்தக் கதையில் எல்லோரும் செத்துப்போனார்கள், கதவைக் கழற்ற யார் இருக்கிறார்கள் என்று. உம்மா யோசித்துவிட்டு, "ஓம், அது சரிதான். எங்கட ஊரில ஆரும் சாகல்ல, அதான் கதவு போச்சு" என்றார்.

திரும்பி வந்து பார்த்தபோது எங்கள் வளவில் கூரை இல்லை, நிலை இல்லை, யன்னல் கம்பி இல்லை. அறைக்குள் மரம். கிணறு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. இந்த அழிந்த உலகக் கதைகளில் வீடுகள் பழுதாவதை மழையும் செடியும் செய்கிறது. யதார்த்தத்தில் அதில் பாதியை மனிதக் கை செய்துவிடும், மிச்சத்துக்குத்தான் மழை வரும். இது நாவலின் குறையா என்றால் இல்லை. ஆனால் இனி எந்த ஸொம்பிக் கதையில் ஆளில்லாத வீடு வந்தாலும் நாங்கள் முதலில் நிலையையும் யன்னலையும்தான் தேடுவோம்.

முடிவுக்கு வருவோம். அதில்தான் இந்த நாவலை வாசித்தவர்கள் உலகமெங்கும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள், நாங்களும் அப்படியே. மெலனி போன்ற பிள்ளைகள் தொற்றினவர்களுக்கே பிறந்தவர்கள், பங்கசோடு ஒத்து வாழக்கூடிய புதுப் பிறவிகள், பழைய மனிதர்களுக்கு மருந்து கிடைக்கவே போவதில்லை என்று கோல்ட்வெல் சாகும் தறுவாயில் கண்டுபிடிக்கிறார். மெலனி முடிவெடுக்கிறாள். லண்டனில் வானத்துக்கு வளர்ந்து கிடக்கும் பங்கசுச் சுவருக்கு நெருப்பு வைக்கப்படுகிறது. வித்திகள் காற்றில் போகின்றன. மிஞ்சியிருந்த மனிதர்கள் எல்லோருக்கும் தொற்றும், அவர்களுடைய பிள்ளைகள்தான் இனி உலகத்துக்கு. ஜஸ்டினோ மட்டும் "ரோசி" என்ற பூட்டிய ஆய்வுக்கூட வாகனத்துக்குள் தப்புகிறார். விடிந்ததும் மெலனி காட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வந்து வரிசையாக இருத்துகிறாள். மிஸ் பாதுகாப்பு உடையோடு பாடம் தொடங்குகிறார்.

வவுனியாக்காரரான விஞ்ஞான ஆசிரியருக்கு இது அநியாயம். "பத்து வயதுப் பிள்ளையிடம் எழுத்தாளர் இனப்படுகொலையைக் கொடுத்துவிட்டு அழகான முடிவு என்று சொல்கிறார்" என்றார். முதலில் வாரில் கட்டப்பட்டது பிள்ளை, கடைசியில் பூட்டுக்குள் இருப்பது டீச்சர், தராசு சமமாகிவிட்டது என்று ஆங்கில ஆசிரியை ரசித்தார். ஆரம்பப் பிரிவு டீச்சர், "அது தண்டனை இல்லை, நியமனம். அதிகஷ்டப் பிரதேசம், அஞ்சு வருசத்தில இடமாற்றம் கேட்கலாம்" என்றார். அரை நாள் சிரித்தோம்.

புத்தளத்தில் இருப்பவர் அன்று நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. இரவு பதினொன்றுக்கு எழுதினார். அவருடைய வாப்பா முப்பது வருடமாகக் காணி உறுதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார், மூன்று தரம் ஊருக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார், கடைசியில் புத்தளத்திலேயே மௌத்தானார். பேரப்பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்தவர்கள். மன்னார் அவர்களுக்கு வெயிலும் கழுதையும் உள்ள விடுமுறை ஊர், அங்கே வந்திருக்க விருப்பமில்லை. "பழைய உலகம் இனி வராது எண்டு அந்தப் பிள்ளை சார்ஜன்ட்டுக்குச் சொல்லுது. எங்கட வாப்பாவுக்கு அப்படிச் சொல்ல எங்களில் ஒருத்தருக்கும் தைரியம் இருக்கல்ல" என்று முடித்திருந்தார். அதற்குக் கீழே யாரும் ஒன்றும் போடவில்லை.

முடிவைப் பற்றி உம்மாவிடம் மறுநாள் கேட்டோம். மெலனி செய்தது சரியா, பிழையா?

"அந்தப் பிள்ளையைக் கட்டிவைக்கேக்க ஆரும் அதுக்கிட்டக் கேக்கல்ல. அதுவும் கேக்கல்ல" என்றார். பிறகு, "அந்த டீச்சர் வண்டிக்குள்ள இருந்து என்னத்தைச் சாப்பிடுவா?" என்றார்.

ஆங்கில ஆசிரியை புத்தகத்தின் கடைசி அத்தியாயங்களை இன்னொரு தரம் புரட்டினார். விஞ்ஞான ஆசிரியர் டின் உணவு, தண்ணீர் வடிகட்டி என்று கணக்குப் போட்டு, வண்டியில் எத்தனை மாதம் தாங்கும் என்று ஆரம்பித்து, பாதியில் விட்டார். உம்மாவுக்கு அந்தக் கணக்கு போதவில்லை. பிள்ளைகளெல்லாம் பச்சை இறைச்சி தின்கிற பிள்ளைகள், அரிசி பருப்பு கொண்டுவந்து கொடுக்க அவர்களுக்கு யார் பழக்குவது என்று கேட்கிறார். "எழுத்துக்கு முதல் அதைப் படிப்பிக்கச் சொல்லு."

2017இல் வந்த "த போய் ஒன் த பிரிட்ஜ்" இதற்கு முந்திய காலத்துக் கதை, அதே ரோசி வண்டி அதிலும் வருகிறது. யாரிடமாவது இருந்தால் தாருங்கள், வாசித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். இந்தப் புத்தகம் இப்போது வவுனியாவில் இருக்கிறது. அடுத்து கேட்டவர் உயர்தர மாணவி ஒருத்தி. அவளுக்குத்தான்.